கப்பிங் வைத்தால் கால் விறைப்பு தீருமா?

பக்கவாதத்துக்குப் பிறகு விறைத்துப்போன காலில் கப்பிங் (தோலை உறிஞ்சும்படி கோப்பைகளைக் கவிழ்த்து வைப்பது) வைத்தால் நடை திரும்பும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கை தவறு.

காலில் ரத்த ஓட்டம் குறைந்ததால்தான் விறைப்பு என்கிறார்கள். ஆனால் பாதிப்பு நேர்ந்தது மூளையில். தசையைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் கட்டளைகள் தண்டுவடத்துக்குச் சரிவர வராததால், தசை இழுபடும்போதெல்லாம் தண்டுவடம் அதைச் சுருக்கிவிடுகிறது. முழங்காலை மெல்ல மடக்கிப் பாருங்கள், ஓரளவு மடங்கும். சட்டென்று மடக்கினால் முறுக்கிக்கொள்ளும். இது நரம்பின் கோளாறு. தோலைத் தூண்டுவதால் விறைப்பு சிறிது நேரம் தணியலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மூளையில் நேர்ந்த சேதம் அதனால் சரியாவதில்லை.

கோப்பை எடுத்தபின் தெரியும் கருவட்டத்தைக் கெட்ட ரத்தம் என்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்களும் இவைதான். உறிஞ்சியதில் நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, அவ்வளவே.

"வைத்தவர்கள் தேறினார்களே?" பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில் பலர் இயல்பாகவே ஓரளவு தேறுவார்கள், கூடவே பிசியோதெரபியும் நடந்திருக்கும். ஆய்வுகளிலும் கோப்பை வைத்தது நோயாளிக்குத் தெரிந்துவிடுவதால், எதிர்பார்ப்பே முடிவை மாற்றிவிடலாம். விறைப்பை அளக்கும் ஆஷ்வொர்த் அளவுகோலோ, பரிசோதிப்பவர் கையால் மடக்கிப் பார்த்து 0 முதல் 4 வரை போடும் மதிப்பெண். அது குறைந்தால் நடை வந்துவிட்டது என்று ஆகாது. பலவீனமான காலை அந்த விறைப்பே தாங்கி நிற்க வைப்பதும் உண்டு.

"தீங்கில்லையே" என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்கள். கப்பிங்கில் தோலைக் கீறி ரத்தம் எடுத்தால், அது எளிதில் நிற்காது. உணர்ச்சி குறைந்த காலில் நெருப்புக் கோப்பை சுட்டாலும் தெரியாது. சர்க்கரை நோயும் இருந்தால் அந்தப் புண் ஆறாமல் இழுத்தடிக்கும். அசையாத காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்து வீங்கியிருக்கலாம். திடீரென விறைப்பு கூடினால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, படுக்கைப் புண்ணோ தூண்டியிருக்கலாம். இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் கோப்பையில் வீணாகிறது.

விறைப்பைச் சமாளிக்க, அன்றாடம் தசையை நீட்டுவது, நின்று நடந்து பழகுவது, கணுக்காலுக்குத் தாங்கி, தேவைப்பட்டால் பாக்லோஃபென் மாத்திரை, ஏறத்தாழ மூன்று மாதம் பலன் தரும் போட்யூலினம் ஊசி ஆகியவை இருக்கின்றன. கப்பிங்குக்கு ஒதுக்கும் பணத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அந்தக் காலில் யாரையும் கோப்பை வைக்க விடாதீர்கள்.