ஞாயிறு உலா: பெராங் பெசாரில் ஓர் ஏரி



தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கிவிட எந்த வாத்தியாரும் தேவைப்பட்டதில்லை. அப்பா மாலையில் வந்து லயத்துச் சுவரில் சாய்த்து வைக்கும் பெரிய சைக்கிளே போதும். இருக்கையில் ஏறி உட்காரக் கால் எட்டாது. கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு முறை விழுந்து எழுந்தால் மூன்றாம் நாள் ஓட்ட வந்துவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் எதிரே வருவது பால் லோரி ஒன்றுதான். அது வரும் நேரமும் எல்லாருக்கும் தெரியும்.

இன்று அப்படியா? தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்துத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறோம். வாசலை விட்டு இறங்கினால் கார், இன்னும் நான்கடி நடந்தால் மோட்டார் சைக்கிள். 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் ஜொகூர் பாருவில் விடியற்காலை இருட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் மீது கார் மோதி 8 பேர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. அதற்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளைகளின் சைக்கிள் படிக்கட்டின் கீழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சைக்கிளைப் பூட்டி வைப்பது மட்டும் இதற்கு வழியாகுமா? வண்டி வாகனம் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை நாமே அழைத்துப் போவது இன்னொரு வழி. அப்படி ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த உலா.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கிறது புத்ராஜெயா. பிரதமர் அலுவலகம் 1999-இல் இங்கே மாறி வந்தது. 2001 பிப்ரவரி முதல் நாளிலிருந்து இது கூட்டரசுப் பிரதேசம். இதையெல்லாம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். பாடப் புத்தகத்தைத் தாண்டி நம்முடைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த நகரம் எழுந்தது தோட்ட மண்ணில்.

முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் 1921-இல் இங்கே காட்டை அழித்து ஒரு ரப்பர்த் தோட்டம் தொடங்கினார்கள். அந்தப் போரின் நினைவாகத் தோட்டத்துக்குப் பெராங் பெசார் என்று பெயர் வைத்தார்கள். மலாயில் அதற்குப் பெரிய போர் என்று பொருள். ஒட்டு ரப்பர் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற தோட்டம் அது. பழைய நாளில் மரம் சீவிய தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பி.பி. 86 என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். நாடெங்கும் நடப்பட்ட அந்த மரத்தின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் பெராங் பெசாரைக் குறிப்பவைதான்.

புதிய நகரத்துக்காக 1990-களில் பெராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, கேலவே ஆகிய தோட்டங்களின் மக்கள் இடம் பெயர்ந்தார்கள். பக்கத்திலுள்ள டெங்கிலில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். முற்றமும் முருங்கை மரமும் ஆட்டுக் கொட்டகையுமாக வாழ்ந்தவர்கள் மாடிப்படி ஏறினார்கள். தரை வீடு வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த செய்தியைப் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

இனி ஏரிக்கு வருவோம். இது இயற்கை ஏரி அல்ல. சுங்கை சுவாவ் ஆற்றின் குறுக்கே தெற்கில் அணை கட்டி, ரப்பரும் செம்பனையும் நின்ற பள்ளத்தாக்கில் நீரை நிறுத்தினார்கள். ஏரியின் பரப்பு ஏறக்குறைய 400 ஹெக்டேர், கரையின் நீளம் 38 கிலோமீட்டர். நம் பழைய கணக்கில் 24 கட்டை தூரம்.

ஏரிக்கு வடக்கே, ஆறு வந்து சேரும் பக்கத்தில், 1997-லும் 1998-லுமாக ஒரு பெரிய ஈரநிலத்தை அமைத்தார்கள். பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோரை முதலான நீர்ச்செடிகளை நட்டிருக்கிறார்கள். மேலே உள்ள நிலங்களிலிருந்து உரமும் சேறும் கலந்து வரும் நீர், ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல இறங்கும். வேகம் குறைவதால் சேறு அடியில் தங்கும். நீரில் கரைந்த உரச்சத்தைச் செடிகள் இழுத்துக்கொள்ளும். ஏரிக்குப் போய்ச் சேரும்போது நீர் தெளிந்திருக்கும். கொசுப் புழுவைத் தின்ன மீன்களும் உண்டு. இயந்திரத்தின் வேலையைச் செடி செய்வதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். அறிவியல் பாடம் தானாக மனத்தில் நிற்கும்.

எந்த வழியாகப் போகலாம்? மூன்று வகையாகச் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஈரநிலப் பூங்காவிலேயே தொடங்குங்கள். இது 13-ஆம் பிரிவில் இருக்கிறது. பூங்காவின் பாதைகளில் மோட்டார் வண்டிகளின் தொல்லை இல்லை. அங்கங்கே மர நிழல் உண்டு. கொக்கும் நாரையும் நிற்பதைப் பார்க்கச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் நில்லுங்கள். காலையில் போகிறவர்களுக்குத்தான் பறவைகள் கண்ணில் படும்.

ஓரளவு பழகிய பிள்ளைகள் என்றால் முதற்பிரிவில் உள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 92 ஹெக்டேர் பரப்புள்ள பூங்கா, ஏரியை ஒட்டியது. ஏற்றமும் இறக்கமும் உண்டு. இறக்கத்தில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கப் பழக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் ஆள் தலைகீழாகப் போவான்.

மூன்றாவது, நீண்ட உலா. ஏரிக்கரையோரம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போடப்பட்ட பாதையில், பாலங்களையும் இளஞ்சிவப்புக் கும்மட்டமுள்ள புத்ரா பள்ளிவாசலையும் பார்த்துக்கொண்டே போகலாம். இது பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்றது. மணிக்கு 10 கிலோமீட்டர் என்று நிதானமாகப் போனால், முழுக் கரைக்கும் நான்கு மணி நேரம் பிடிக்கும். இளைப்பாறும் நேரம் தனி. முதல் தடவையே முழுதும் சுற்ற வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். அடுத்த மாதம் பத்து. சில இடங்களில் பாதை சாலையைத் தொடும். அங்கே எல்லாரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். இதில் வீரம் வேண்டாம்.

புறப்படும் முன் சில ஏற்பாடுகள். முதல் நாள் மாலையே டயரில் காற்று, இரண்டு பிரேக்கு, சங்கிலி எண்ணெய், மணி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தலைக்கவசம் கட்டாயம். விடிந்ததும் பசியாறிவிட்டுக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. ஆளுக்கொரு புட்டி தண்ணீர் வேண்டும். நம் நாட்டில் பிற்பகலில் இடியும் மழையும் சகஜம். வானம் கறுத்தால் நீர்க்கரையிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஏரியில் இறங்கிக் குளிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். சொந்தச் சைக்கிளைக் கொண்டுவர வசதி இல்லாதவர்கள், வாடகைக்குக் கிடைக்குமா, எத்தனை மணி வரை என்று பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். புத்ராஜெயாவுக்கு இப்போது ரயிலும் வருகிறது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். தம்பிக்குச் சைக்கிள், அக்காளுக்கு அடுப்படி என்று பிரிக்க வேண்டாம். பெண் பிள்ளைகளும் ஓட்டட்டும், நீங்களும் ஓட்டுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால் வாளி சுமந்து, குடும்பத்தைக் கரை சேர்த்த பெண்கள் வந்த வழி நாம். ஒரு சைக்கிள் நமக்குப் பெரிதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏரியைச் சுற்றி முடித்ததும் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பீர்கள் அல்லவா, அப்போது பிள்ளைகளிடம் இந்த நிலத்தின் கதையைச் சொல்லுங்கள். இங்கே நம்மவர்கள் நிரை பிடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், திருவிழா எடுத்தார்கள் என்று சொல்லுங்கள். கசப்போடு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. அந்தத் தோட்டங்களில் இருந்த உறவினர் உங்களுக்கு உண்டு என்றால், அவர்களையும் கூட அழைத்துப் போங்கள். லயம் எந்தப் பக்கம் இருந்தது, கோயில் எங்கே, பள்ளி எங்கே என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வேறு தோட்டத்துக்காரர்களும் தங்கள் தோட்டத்தைப் பற்றி இப்படியே செய்யலாம். தோட்டம் போய்விட்டால் பெயர்ப்பலகையும் போய்விடும். தெரிந்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

பூட்டி வைத்த சைக்கிளை இந்த வாரமே வெளியே எடுத்துத் துடையுங்கள். அடுத்த உலாவில் வேறோர் இடத்தில் சந்திப்போம்.