எலி மேல பழி போடாதீங்கப்பா!

வர்ச்சுவல் மெஷினுக்குள்ள கர்சர் தறிகெட்டு ஓடுதா? ஹாஸ்டல் வைத்தியர்கள் கையில் ரெண்டே ரெண்டு மருந்துதான். "மவுஸை மாத்து." மாத்தியும் ஓடுதா? "ஃபார்மேட் அடி." பொட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதித் தர்ற இந்த டாக்டர்களை முதலில் ஊசி போட்டுப் படுக்க வைக்கணும்.

மவுஸ் போனா முந்நூறு ரூபாயோட போச்சு. ஃபார்மேட் அப்படியா? கெஸ்ட்டாக ஓடுகிற உபுண்டுவோட மொத்த டிஸ்க்கும் ஹோஸ்ட்ல ஒரே ஒரு பெரிய ஃபைல். அவசரத்தில் அதை காப்பி எடுக்க மறந்தால், மூணு மாசமாக் கட்டின ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஸ்னாப்ஷாட், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்தே கோவிந்தா. இதில் கொடுமை என்னன்னா, எல்லாத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணி அதே செட்டிங்கை வைத்தால், கர்சர் அதே மாதிரிதான் ஓடும். ஏன்னா தப்பு விண்டோஸிலும் இல்லை, எலியிலும் இல்லை.

மவுஸுக்குத் தான் திரையில் எங்கே இருக்கோம்னே தெரியாது. பழைய பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வொரு தடவையும் அனுப்பியது மூணே பைட். எந்த பட்டன், பக்கவாட்டில் எவ்வளவு, மேலும் கீழும் எவ்வளவு. அவ்வளவுதான். "இவ்வளவு நகர்ந்தேன்" என்று மட்டும் அது சொல்லும். எங்கே நிற்கணும்னு முடிவு பண்றது ஆபரேட்டிங் சிஸ்டம். கையை வேகமா இழுத்தால் கர்சரை இன்னும் கூடுதலாத் தள்ளி விடுவதும் அதுதான். (விண்டோஸில் இந்த வேலைக்கு 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று பெயர். துல்லியமாம்!)

இப்போ வர்ச்சுவல் மெஷின் உள்ளே வருது. கெஸ்ட்டுக்கு ஒரு பொய் பிஎஸ்/2 மவுஸைக் காட்டி, ஹோஸ்ட்ல நடந்த நகர்வை அதன் வழியா அனுப்புது. ஹோஸ்ட் ஏற்கெனவே கூட்டின வேகத்தின் மேலே கெஸ்ட் தன் பங்குக்கு இன்னொரு தடவை கூட்டும். இடையில் நாலு நகர்வு தவறினால் இரண்டு கணக்கும் ஒட்டவே ஒட்டாது. ஒரே பஸ்ஸில் ரெண்டு கண்டக்டர் ஏறி ஆளுக்கொரு விசில் அடிச்சா வண்டி எப்படி ஓடுமோ, அப்படித்தான் கர்சரும் ஓடும்.

மருந்து ஒரே கிளிக், அதுவும் இலவசம். வர்ச்சுவல்பாக்ஸில் மெஷினை அணைத்துவிட்டு, சிஸ்டம் செட்டிங்கில் பாயின்டிங் டிவைஸை 'யூஎஸ்பி டேப்லெட்' என்று மாற்றினால் போதும். க்யூஎமுவிலும் இதே பெயரில் ஒரு டிவைஸ் உண்டு. டேப்லெட் "இவ்வளவு நகர்ந்தேன்" என்று சொல்லாது, "திரையில் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்" என்று சொல்லும். கணக்கு ஒன்றாகிவிட்டது, சண்டை தீர்ந்தது. ஆனால் க்யூஎமுவை வெறும் கட்டளையாக ஓட்டினால் சாதாரண பிசிக்கு இன்றைக்கும் பிஎஸ்/2 மவுஸ்தான் கிடைக்கும். டாஸ் காலத்து சிஸ்டங்களும் ஓடணுமே என்கிற நியாயம் புரியுது. அதுக்காக, கெஸ்ட் உள்ளே கர்சர் பேயாட்டம் ஆடும்போது ஒரு வரி எச்சரிக்கை காட்டினால் யார் சொத்து குறையும்?

"இல்லப்பா, வெளியிலயும் குதிக்குது" என்பவர்களும் உண்டு. வர்ச்சுவல் மெஷினை நிறுத்தினதும் அடங்குதா என்று ஒருத்தராவது பார்த்தாரா? அடங்கினால் எலி நிரபராதி. நாலு கோர் உள்ள லேப்டாப்பில் நாலையும் கெஸ்ட்டுக்கே தாரை வார்த்தால், ஹோஸ்ட் கர்சரை வரைய நேரம் இல்லாமல் திணறும். வர்ச்சுவல்பாக்ஸ் அந்த ஸ்லைடரில் சிவப்பு நிறத்தை அழகுக்காகப் பூசி வைக்கவில்லை.

இன்னொரு கில்லாடி வில்லன் யூஎஸ்பி 3. இடம் பத்தலைன்னு வர்ச்சுவல் மெஷினை வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்து, அதன் பக்கத்து ஓட்டையிலேயே வயர்லெஸ் மவுஸோட டாங்கிளைச் செருகுகிற கூட்டம் பெரிசு. யூஎஸ்பி 3 டேட்டா ஓடும்போது வெளிவருகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணம் வெளியிட்டது. அந்த அலைவரிசையில்தான் அந்த மவுஸும் பேசுது. கெஸ்ட் பூட் ஆகும்போது டிஸ்க் மும்முரமாகும், எலி திக்கும். புது வயர்லெஸ் மவுஸ் வாங்கி அதே ஓட்டையில் செருகினால் அதுவும் திக்கும்! டாங்கிளை ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி ஒரு முழம் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

கெஸ்ட்டுக்குள்ள துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுறவங்களுக்கு மட்டும் கதை தலைகீழ். அந்த கேம்களுக்கு வேண்டியது நகர்வுக் கணக்குதான். டேப்லெட் கொடுத்தால் கேமரா பம்பரமாச் சுத்தும். அவங்க மவுஸ் இன்டக்ரேஷனை ஆஃப் பண்ணிட்டு ஆடலாம். வெளியே வர, வர்ச்சுவல்பாக்ஸில் வலது பக்க கண்ட்ரோல் கீ.