ஏழை யார் என்று தீர்மானிப்பது யார்?

பழைய உதவித் திட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவரும்போதெல்லாம் ஆள்வோர் சொல்வது ஒன்றே: "உதவி உண்மையான ஏழைக்கே போய்ச் சேர வேண்டும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன?

1953இல் கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி இலங்கை மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1979இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் தொகை அப்படியே நின்றது. விலைவாசியோ ஏறிக்கொண்டே போயிற்று. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 ஜூலையில் அஸ்வெசும.

சமுர்த்தியில் குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. கட்சி பார்த்துப் பெயர் சேர்த்த கதையை ஊர் அறியும். அந்த ஊழலை ஒழிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு மருந்து என்று வந்த அஸ்வெசும என்ன செய்தது? 20 லட்சம் குடும்பங்கள் என்று முதலில் எல்லை கட்டியது; பிறகு 22 அளவுகோல்களை வைத்து அந்த எல்லைக்குள் ஏழைகளைப் பொறுக்கியது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அந்தப் பசி 20 லட்சத்தோடு நின்றுவிடுமா? பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் ஒன்பது லட்சத்தைத் தாண்டின!

உதவிக்குத் தவணையும் குறித்தார்கள். 2,500 ரூபாய் பெற்றவருக்கு 2023 டிசம்பர் வரை. 5,000 ரூபாய் பெற்றவருக்கு 2024 ஜூலை வரை. பிறகு அவர்களே நீடிக்க வேண்டி வந்தது. வறுமை தவணை பார்த்து விலகுமா?

ஒரு தோட்டத்து லயத்தில் வயதான அக்கா ஒருவர், பட்டியலில் தன் பெயரைக் காணாமல் என்னிடம் கேட்டார்: "தம்பி, பட்டினிக்கு எத்தனை புள்ளி போடுவார்கள்?" அவருக்குப் பதில் சொல்ல எந்தப் படிவத்திலும் இடமில்லை.

புதிய திட்டம் எதுவாயினும் நாம் கோருவது மூன்று. மேன்முறையீடு முடியும்வரை பழைய உதவி நிற்கக் கூடாது. விலைவாசியோடு தொகையும் உயர வேண்டும். பட்டியலை ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துத் திருத்த வேண்டும்.

பெயர் விடுபட்டவர்கள் தனித்தனியே கந்தோர் வாசலில் காத்து நின்றால் மனு கோப்பில்தான் கிடக்கும். லயம் லயமாக, கிராமம் கிராமமாக ஒன்று சேர்ந்து கேளுங்கள். 1953 நமக்குக் கற்றுத்தந்த பாடம் அதுவே.