தண்ணீர் மேல் போட்ட பழி

1959 மார்ச் 3. கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில், வேலை செய்ய மறுத்த கைதிகளில் 11 பேரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். தண்ணீர் வண்டியில் தண்ணீர் குடித்த பிறகு இறந்துபோனதாக அறிக்கை விட்டது பிரிட்டிஷ் காலனி அரசு. பிரேதப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினரான ஈனாக் பவலே கொதித்துப் பேசினார். ஆனாலும் யார் மீதும் குற்றவழக்கு இல்லை.

கை மீறிப்போன நாலு காவலர்களின் காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காலனி ஆட்சியை எதிர்த்த மவ் மவ் கிளர்ச்சியை ஒடுக்க 1952இல் அவசரநிலை அறிவித்து, பல்லாயிரம் கிகூயு இன மக்களை விசாரணையின்றி அடைத்தது பிரிட்டிஷ் ஆட்சி. முகாம்களில் அடிப்பதற்குச் சட்டப் பூச்சு பூசியவர் காலனியின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ். மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் உள்ள இடங்களில் அடிபடக் கூடாது என்று 1957இல் குறிப்பு எழுதினார். பாவம் செய்வதென்றால் ஓசைப்படாமல் செய்ய வேண்டும் என்று ஆளுநருக்கு யோசனையும் சொன்னார்.

அரைநூற்றாண்டு கழித்து, 2009இல் அந்த வதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் ஐவர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். 1963இல் கென்யா விடுதலை பெற்றபோதே பொறுப்பும் புதிய அரசுக்குப் போய்விட்டது என்றது பிரிட்டன். 2011இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலவரம்பு தாண்டிவிட்டது என்ற அடுத்த வாதமும் 2012இல் தோற்றது. இதற்கிடையே, விடுதலைக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் ஒளித்து வைத்திருந்த காலனி ஆட்சிக் கோப்புகள் வெளியே வந்தன. 2013இல் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு தர அரசு இசைந்தது. வருத்தம் தெரிவித்தது, சட்டப் பொறுப்பை மட்டும் அப்போதும் ஏற்கவில்லை.

அதன் பின் வந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வழக்கு, காலம் கடந்தது என்று 2018இல் தோற்றுப்போனது. தாமதம் யாருடையது? பத்திரத்தைப் பதுக்கியவனே கெடு முடிந்துவிட்டது என்று வாதாடினால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்பாது.

போர்க்காலமோ கலகக்காலமோ, ஒருவரைப் பிடித்து அடைத்த நொடியிலிருந்து அவர் உயிருக்கும் உடம்புக்கும் அரசுதான் ஜவாப்தாரி. கொடி இறங்கினாலும் ஆட்சி மாறினாலும் அந்தக் கடன் தீராது. இத்தகைய வழக்குகளில் காலவரம்பை அடி விழுந்த நாளிலிருந்து எண்ணுவது அநியாயம். அரசு தன் கோப்புகளைத் திறந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.