மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஒரு ‘டிக்’ சத்தம்: அடுத்த ஸ்ட்ரோக்கை முன்கூட்டியே சொல்லுமா?

காபி டம்ளரைப் பிடித்த கை திடீரென மரத்துப்போகிறது. பேச்சு குழறுகிறது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட, ‘ராத்திரி சரியா தூங்கல, அதான்’ என்று வீடே சமாதானம் ஆகிவிடுகிறது. ஆனால், அது மினி ஸ்ட்ரோக்காக இருக்கலாம். பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் அதிகம்.

யாருக்கு மறுபடியும் வரும்? இதற்கு ஓரளவு பதில் சொல்லக்கூடிய டெஸ்ட் ஒன்று இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

கழுத்தில் உள்ள கரோட்டிட் தமனியில் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்தால், அங்கிருந்து குட்டிக் குட்டி ரத்தக்கட்டிகள் மூளைக்குப் போகும். பெரும்பாலும் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது.

இவற்றைப் பிடிப்பதுதான் ‘டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர்’. 1982-ல் ரூன் ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய அல்ட்ராசவுண்ட் முறை இது. காதுக்கு முன்னால், எலும்பு மெலிதாக இருக்கும் இடத்தில் கருவியைப் பொருத்தி, சுமார் ஒரு மணி நேரம் கவனிப்பார்கள். கட்டி கடக்கும்போது எதிரொலி சட்டெனக் கூடும். ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். 0.3 விநாடிகூட நீடிக்காது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

அறிகுறியே இல்லாமல் கரோட்டிட் அடைப்பு இருந்த 467 பேரிடம் நடந்த ‘ஏசஸ்’ ஆய்வு 2010-ல் வெளியானது. 77 பேருக்கு இந்த சிக்னல் கிடைத்தது. அடைப்பு இருந்த பக்கத்தில் ஸ்ட்ரோக் வரும் ஆபத்து அவர்களுக்கு ஆண்டுக்கு 3.62%, சிக்னல் இல்லாதவர்களுக்கு 0.70%.

ஏற்கெனவே அறிகுறி வந்த 107 பேரிடம் நடந்தது ‘கேரஸ்’ ஆய்வு (2005). ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 72.7% பேருக்கு ஏழாம் நாளிலும் கட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. குளோபிடோகிரெல்லும் சேர்த்து எடுத்தவர்களில் அது 43.8%. அதாவது, மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இந்த டெஸ்ட் காட்டுகிறது.

அப்போ எல்லோருக்கும் எடுக்கலாமா?

வேண்டாம். சிலருக்கு எலும்பு தடிமனாக இருப்பதால் சிக்னலே கிடைக்காது. பழகிய டெக்னீஷியன் வேண்டும். நோயாளி அசைந்தாலும் பொய்ச் சத்தம் வரும். ‘டிக்’ கேட்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் அர்த்தமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கட்டி எதுவும் ஓடாமல் இருந்திருக்கலாம். இதை மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் செருகினால், தேவையில்லாத பயமும் தேவையில்லாத நிம்மதியும்தான் மிஞ்சும்.

ஆனால், கரோட்டிட் அடைப்பால் சமீபத்தில் மினி ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கதையே வேறு. யாரை முதலில் ஆபரேஷனுக்கு அனுப்புவது, யாரைக் கூடுதலாகக் கண்காணிப்பது என்று முடிவெடுக்க அந்த ஒரு மணி நேரம் உதவும். வசதியுள்ள ஸ்ட்ரோக் பிரிவுகள் இவர்களுக்காவது இதைச் செய்ய வேண்டும்.

அதற்கு, நோயாளி முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டுமே! வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போவதுதான் சரி. ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று வீட்டிலேயே இருப்பவரை எந்த டாப்ளராலும் காப்பாற்ற முடியாது.