வாயில்வரை உள்ள வழி

இலவச மருத்துவம் நம் நாட்டின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. பிணியுற்ற குழந்தைக்கு, அதன் பெற்றோரிடம் பொருள் கேளாது, மருந்தும் சத்திரசிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. ஆயின் அவ்விலவசம் வைத்தியசாலை வாயிலுக்கு உட்பட்டதே; வாயில்வரை உள்ள வழியோ விலைக்குரியது. இவ்வேறுபாட்டினை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

கொழும்பு, பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். 1895 ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிலையத்தை, இருதயச் சத்திரசிகிச்சை போன்ற அரிய சிகிச்சைகளின் பொருட்டு வடக்கு, கிழக்கு, மலையகம் எனப் பல திசைகளிலிருந்தும் பெற்றோர் நாடி வருகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து அங்குச் செல்ல ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடத்தல் வேண்டும். 2014 இல் யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதம் மீண்டமை பெரும் ஆறுதலே. எனினும் கோட்டையில் இறங்கியபின் எஞ்சும் சிறுதொலைவே சிலர்க்குப் பெருந்தொலைவாகின்றது. நாரஹேன்பிட்டைக்குச் செல்லும் 103 ஆம் இலக்கப் பேருந்து பொரளையூடாகப் போகும். ஆனால் காய்ச்சலுற்ற மகவைத் தோளிலிட்டுக் காலை நெரிசலில் அதில் ஏறுதல் எளிதன்று. முச்சக்கரவண்டிக்கோ கூலி வேண்டும்.

சொந்த வாகனத்தில் வருவோர்க்குள்ள துன்பம் வேறு. நகரின் நெரிசல் மிக்க பகுதியில் தரிப்பிடம் அரிது. தந்தை இடந்தேடிச் சுற்ற, தாய் குழந்தையுடன் தனித்து நிற்பாள். இதற்கு மேலும் மேலும் தரிப்பிடம் அமைத்தலே பரிகாரமென்பர் சிலர். அது முற்றும் பொருந்தாது. வாயிலண்மையில் உள்ள நிலம் சிறிது. அதனை நெடுநேரம் நிற்கும் வண்டிகளுக்கு ஈந்தால், குழந்தையை இறக்கிவிட்டு அகலவேண்டிய முச்சக்கரவண்டிக்கும் அம்புலன்சுக்கும் இடமின்றிப் போகும். ஆகவே இறக்குமிடம் முதலாவது. தரிப்பிடம் சற்றுத் தொலைவிலிருப்பினும் அமையும்.

காலத்தின் அருமையை 2022 ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. எரிபொருட் பஞ்சத்தின்போது ஹல்துமுல்லையில், தந்தை பெற்றோல் தேடி அலைந்ததால் உரிய வேளையிற் சிகிச்சை கிட்டாது, பிறந்து இரண்டே நாளான சிசு ஒன்று மாண்டதென்ற செய்தி நாட்டை உலுக்கியது. மருந்தும் மருத்துவரும் இருந்தும் வழி இல்லாமற்போயின் என்ன பயன்?

செய்யத்தக்கன சில உள. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்கிற்கும் விரிந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, வழியையும் மருத்துவத்தின் பகுதியாகக் கொள்ளலாமென்பதற்குச் சான்று. ஆயின் அது அவசர வேளைக்கே உரியது. மாதந்தோறும் கிளினிக்குக்கு வரும் குழந்தைக்கு, புகையிரத நிலையத்திலிருந்து ஒரு சிறு பேருந்து விடலாம். தூரத்திலிருந்து வருவோர்க்கு முறையை நண்பகலை ஒட்டி வழங்கலாம். பேராதனையில் சிறுவர்க்கென விசேட வைத்தியசாலை உண்டு. அத்தகையது வடக்கிலும் கிழக்கிலும் அமையுமாயின் பல குழந்தைகட்குப் பயணமே வேண்டாவாகும்.

வாயிலுக்குள் சமத்துவம் காட்டும் நாடு, வாயிலுக்கு வெளியேயும் அதனைக் காட்டுதல் கடனன்றோ?