வாசலில் ஊதாச் செடி, கொல்லையில் கருந்துளசி

வத்திராயிருப்பு பக்கம், சதுரகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். தென்னை, நெல், மா என்று பச்சைக்குப் பஞ்சமில்லாத பூமி. அந்த ஊரில் புது வீடு கட்டி கிரகப்பிரவேசமும் முடித்த ஒருவர், அடுத்து நேராகப் போய் நிற்பது நர்சரியில். "வாசலுக்கு ஊதாக் கலர்ல இலை இருக்கிற செடி வேணும்" என்கிறார். கையில் செல்போன். அதில் ஏதோ ஒரு குளிர்நாட்டு வீட்டின் தோட்டப் படம்!

ஊதா நிறத்தில் ஆசைப்படுவது தப்பா? தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்காகச் செய்யும் செலவு சரியா என்பதுதான் கேள்வி.

படத்தில் இருப்பது பெரும்பாலும் லோரோபெட்டாலம் மாதிரியான செடி. சீனாவைச் சேர்ந்தது. மிதமான குளிருக்குப் பழகியது. அதைக் கொண்டுவந்து விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், சிமெண்ட் தரையை ஒட்டி நட்டால் என்ன ஆகும்? இலை ஓரம் கருகும். கருகுகிறதே என்று நிழலில் நகர்த்தினால் ஊதா வெளுத்துப் பச்சையாகிவிடும். காரணம் எளிது. இலைக்கு ஊதா நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. பல செடிகளில் அது நன்றாக உருவாக நல்ல வெளிச்சம் வேண்டும். ஆக, வெயிலில் வைத்தால் செடி போகும், நிழலில் வைத்தால் நிறம் போகும். கொடுத்த காசுக்கு மிஞ்சுவது காலித் தொட்டிதான்.

சரி, அகாலிபா, குரோட்டன்ஸ் எல்லாம் நம்ம வெயிலைத் தாங்குகிறதே என்று கேட்கலாம். உண்மை, தாங்கும். பசிபிக் தீவுகள் பக்கத்துச் செடிகள் அவை. குச்சி ஒடித்து நட்டாலே வரும், பரவி யாருக்கும் தொல்லை தருவதும் இல்லை. ஆனால் பார்க்க அழகு என்பதைத் தவிர வரவுப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது?

பரவுகிற வகை இன்னும் மோசம். செந்நிறத் தளிர் விடும் காட்டாமணக்கு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. காய் வெடித்து விதை சிதறும். விதை விஷம். குழந்தைகள் ஓடியாடும் வாசலில் அது தேவையா? உன்னிச்செடியும் ஒரு காலத்தில் அழகுச் செடிதான். 1809-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று. மகாராஜபுரத்துக்காரர் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஏனென்றால் ஊருக்குப் பின்னால் இருப்பது சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. வாசலில் சிதறும் விதைக்கு அந்தக் காடு ஒன்றும் தூரமில்லை!

அப்படியென்றால் ஊதாவுக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையே ஒரு துளசிச் செடியடியில்தான் ஆரம்பிக்கிறது. பெரியாழ்வார் தன் நந்தவனத்தில் துளசிக்குக் கீழே ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். அந்தத் துளசியில் ஒரு வகைதான் கருந்துளசி. தண்டு ஊதா, இலை ஊதா, பூங்கதிரும் ஊதா. நல்ல வெயில் பட்டால் நிறம் இன்னும் கறுத்து அழகாகும். சளிக்கு இலை, தேனீக்குப் பூ, அடுத்த வருஷத்துக்கு விதை. இவ்வளவும் தரும் செடி கொல்லைப்புறத்தில் கிடக்க, வாசலில் வாடகைக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒரு சீனச் செடி!

கருந்துளசியிலும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வேரில் தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும். கதிரைக் கிள்ளாமல் விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் குச்சியாகி நிற்கும். பச்சைத் துளசி பக்கத்தில் இருந்தால் விதையில் முளைக்கும் கன்று சில சமயம் பச்சையாகவே வரும். இதற்கெல்லாம் செலவு இல்லாத வைத்தியம் இருக்கிறது. மேட்டில் நட வேண்டும், கதிரைக் கிள்ள வேண்டும், நல்ல ஊதாவாக இருக்கும் செடியிலிருந்து குச்சி எடுத்து வேர்விட வைக்க வேண்டும். வேலி உயரத்துக்குப் புதர் வேண்டுமென்றால், இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் நொச்சி வகை இருக்கிறது.

"துளசி எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதில் என்ன பெருமை?" என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. உண்மையான வியாதி இதுதான். செடி அழகாக இல்லை என்பதல்ல குறை, பக்கத்து வீட்டிலும் இருக்கிறது என்பதுதான் குறை. பெருமைக்கு நட்ட செடிக்கு வெயில் நாளில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர், அதே தெருவில் குழாயடியில் காலிக் குடத்தோடு நிற்கும் வரிசையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.